வேலையை முடித்தும் பதவி உயர்வு வரவில்லையே? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: இரண்டரை ஆண்டுகளாக ஜூனியர் டெவலப்பராக இருக்கிறேன். கொடுக்கும் டிக்கெட்டுகளை (செய்ய வேண்டிய வேலையைப் பதிந்து ஒப்படைக்கும் குறிப்புகள்) குறித்த நாளுக்குள் முடித்துவிடுகிறேன். யாரும் குறை சொன்னதில்லை. ஆனாலும் இந்த முறையும் பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இல்லை. “இன்னும் பொறுப்பு எடுத்துச் செய்யுங்கள்” என்று மட்டும் மேனேஜர் சொல்கிறார். இதற்கு என்ன பொருள்?

பதில்: உங்கள் ஏமாற்றம் நியாயமானது. ஆனால், குறையின்றி வேலை செய்வது இப்போதைய பதவிக்கு உரிய தகுதியாகவே கொள்ளப்படும். பதவி உயர்வு தரும்போது பெரும்பாலான நிறுவனங்கள், அடுத்த நிலைக்குரிய வேலையை நீங்கள் ஏற்கெனவே சில மாதங்களாகச் செய்துவருகிறீர்களா என்றுதான் பார்க்கின்றன. எவ்வளவு தெளிவில்லாத பிரச்சினையை உங்களை நம்பி ஒப்படைக்கலாம் என்பதே அங்கு அளவுகோல்.

‘ஆர்டர் பட்டியல் திறக்கத் தாமதமாகிறது’ என்ற ஒற்றை வரியோடு ஒரு டிக்கெட் வருவதாக வைத்துக்கொள்வோம். எந்த ஃபைலைத் திருத்த வேண்டும் என்று சீனியரிடம் கேட்டு, அவர் சொன்னபடி மாற்றிக் கொடுப்பது ஜூனியர் வேலை. லாக்கை (நிரல் இயங்கும்போது பதிவாகும் குறிப்புகளை) பார்த்து, 100 ஆர்டர்களைக் காட்ட 101 குவெரிகள் (டேட்டாபேஸிடம் விவரம் கேட்கும் கட்டளைகள்) ஓடுவதைக் கண்டுபிடித்து, அவற்றை ஒரே குவெரியாக இணைப்பதா, முடிவைக் கேஷில் (விரைவாக எடுக்கச் சேமித்துவைக்கும் தற்காலிக இடத்தில்) வைப்பதா என்று இரண்டு வழிகளையும் எடைபோட்டு, கேஷில் வைத்தால் பழைய விவரம் திரையில் தெரியும் ஆபத்து உண்டு என்பதால் முதல் வழியே நல்லது என்று காரணத்தோடு முன்வைப்பவர் அடுத்த நிலைக்குத் தயாராகிவிட்டார். அவர் அதோடு நிறுத்தமாட்டார். வெளியிட்ட பிறகு பக்கம் திறக்கும் நேரத்தை மீண்டும் அளந்து டிக்கெட்டில் பதிவார். இதே பிழை திரும்பாமல் இருக்க ஒரு டெஸ்ட்டும் (நிரல் சரியாக இயங்குகிறதா என்று தானே சோதிக்கும் சிறு நிரல்) எழுதிவைப்பார். உங்கள் மேனேஜர் ‘பொறுப்பு’ என்று சொல்வது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

இருந்தாலும் ஊகத்தில் விடாதீர்கள். அடுத்த நிலைக்கான எதிர்பார்ப்புகள் எழுத்தில் உள்ளனவா என்று கேளுங்கள். இல்லையென்றால், மென்பொருள் உருவாக்குவோருக்கான சேவையை நடத்தும் கிட்லேப் நிறுவனம் தன் கையேட்டில் ஒவ்வொரு நிலைக்குமான எதிர்பார்ப்புகளைப் பொதுவெளியில் வைத்திருக்கிறது. அதை மாதிரியாகக் காட்டி, “இவற்றில் நான் எதில் பின்தங்கியிருக்கிறேன், அண்மையில் நடந்த ஓர் உதாரணம் சொல்லுங்கள்” என்று கேட்கலாம். உதாரணத்தோடு கிடைக்கும் பதில்தான் உங்களுக்குப் பயன்படும்.

கேள்வி: எங்கள் டீமில் பெரிய வேலைகள் எல்லாம் சீனியர்களுக்கே போகின்றன. எனக்கு வருபவை சின்னச் சின்ன பக் திருத்தங்கள். இதில் எப்படித் திறமையைக் காட்டுவது?

பதில்: எல்லாருக்கும் தேவையான, ஆனால் யாருமே கவனிக்காத வேலை அநேகமாக எல்லா டீமிலும் இருக்கும். பேக்கப்பை (டேட்டாவின் காப்பு நகலை) சோதித்துப் பார்ப்பது அப்படி ஒன்று. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப்பில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் கோப்புகளை அழித்துவிட்டார். அதைவிடப் பெரிய அதிர்ச்சி, அன்றாடம் எடுக்கப்படுவதாக எல்லாரும் நம்பியிருந்த பேக்கப் அங்கே இல்லை என்பதுதான். பேக்கப் எடுக்கும் நிரலின் பதிப்பு டேட்டாபேஸின் பதிப்போடு பொருந்தாததால் அது தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது; அதை எச்சரிக்கும் மின்னஞ்சல்களும் யாரையும் சென்றடையவில்லை. சுமார் 6 மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்துவைத்த ஒரு நகலால்தான் சேவையை மீட்டார்கள். நடந்ததை மறைக்காமல் அவர்களே விரிவாக எழுதி வெளியிட்டிருக்கிறார்கள்.

உங்கள் டீமின் பேக்கப்பிலிருந்து ஒரு முறையாவது யாரேனும் டேட்டாவை மீட்டுப் பார்த்திருக்கிறார்களா என்று விசாரியுங்கள். இல்லையென்றால், டீம் லீடின் அனுமதியோடு, சோதனைச் சர்வரில் நீங்களே செய்து, படிப்படியாக எழுதிவையுங்கள். காரணமின்றி அவ்வப்போது தோற்கும் டெஸ்ட்டுகளைச் சரிசெய்வதும் இதே வகையைச் சேர்ந்தது. ஒன்றில் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள்: கூட்டக் குறிப்பு எடுப்பது, நினைவூட்டல் அனுப்புவது போன்றவற்றை எவ்வளவு மனமுவந்து செய்தாலும் அப்ரைசலில் அவை அரிதாகவே எண்ணப்படுகின்றன. எந்த வேலை கணக்கில் சேரும் என்பதைத் தொடங்கும் முன்பே டீம் லீடிடம் பேசிக்கொள்ளுங்கள்.

கேள்வி: செய்த வேலையை நானே எடுத்துச் சொல்வது தற்பெருமையாகத் தோன்றாதா?

பதில்: தோன்றாது. பல நிறுவனங்களில் பதவி உயர்வை முடிவு செய்யும் கூட்டத்தில் இருப்பவர்களில் பெரும்பாலோர் நீங்கள் எழுதிய நிரலை ஒரு நாளும் பார்த்திராதவர்கள். அங்கே உங்களுக்காகப் பேசும் மேனேஜரின் கையில் சான்று இருக்க வேண்டும். இரண்டு வாரங்களுக்கு ஒரு முறை சில வரிகள் எழுதிவைத்தால் போதும். “செயல்திறனை மேம்படுத்தினேன்” என்பது எதையும் சொல்லாத வரி. “ஆர்டர் பட்டியல் திறக்க 4 விநாடி ஆனது, இப்போது 1 விநாடிக்கும் குறைவு, டிக்கெட் இணைப்பு இதோ” என்று எழுதினால் அதை மேனேஜர் அப்படியே எடுத்துப் பேசலாம். புதியவர் ஒருவருக்கு நீங்கள் பொறுமையாகச் செய்துகொடுத்த கோட் ரிவியூவும் (அவர் எழுதிய நிரலைப் படித்துக் கருத்துச் சொல்வது) இந்தப் பதிவில் இடம்பெறட்டும்.

கேள்வி: இவையெல்லாம் செய்தும் கிடைக்கவில்லை என்றால்?

பதில்: சில நேரம் அந்த ஆண்டின் நிதி ஒதுக்கீடோ காலியிடமோதான் தடையாக இருக்கும்; அதை நேரடியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தொடர்ந்து இரண்டு அப்ரைசல்களிலும் எதிர்பார்ப்பு என்ன என்பதையே மேனேஜரால் தெளிவாகச் சொல்ல முடியவில்லை என்றால், வேறு டீமுக்கோ வேறு நிறுவனத்துக்கோ மாறத் தயங்க வேண்டாம். நீங்கள் எழுதிவைத்த அதே பதிவு அங்கே நேர்காணலுக்கும் உதவும்.