ஏரிப் புல்லை மறுபடி நட முடியுமா?

கேள்வி: பழவேற்காடு ஏரியில் ஆந்திர எல்லைப் பக்கம் தண்ணீருக்கடியில் இருந்த புல் குறைந்துவிட்டது. நட்டால் வருமா?
– வாசகர், ஆரம்பாக்கம்

பதில்: வரும். ஆனால் ஏன் போனது என்று முதலில் பாருங்கள். அது பாசி இல்லை. வேர், பூ, விதை எல்லாம் உள்ள கடற்புல், வெயில் அடிவரை இறங்காவிட்டால் செத்துப்போகும். கலங்கிய சேற்றில் நட்டால், வேறிடத்தில் நன்றாக இருந்ததைப் பிடுங்கி வந்த தாய்ப்புல்லும் வீண், அதுதான் எனக்கு மனசு கேட்கவில்லை. காரணம் தெரிய, அரை மீட்டர் சதுரச் சட்டத்தை அதே இடங்களில் பருவத்துக்குப் பருவம் வைத்து, உள்ளே எத்தனை பங்கு புல் மூடியிருக்கிறது, முகத்துவாரம் அடைத்திருக்கிறதா, உப்பு எவ்வளவு என்று எழுதி வையுங்கள். அமெரிக்காவின் வர்ஜீனியா கடற்கழிகளில் 1999 முதல் விதை தூவியே ஆயிரக்கணக்கான ஏக்கர் கடற்புல் மீண்டது. அங்கே நீர் தெளிவாக இருந்தது, விதைதான் இல்லை. இங்கே பறவைச் சரணாலயம் இருப்பதால் வனத்துறையிடம் கேட்டுவிட்டு, நீர் தெளிந்த ஓரிடத்தில் சின்னப் பாத்தியாகத் தொடங்குங்கள்.