இடியப்ப உரலும் சார்த்தரும்

கேள்வி: ஏ.எல். (உயர்தரப்) பரீட்சை முடித்துவிட்டு வீட்டில் நிற்கிறேன். மாமா கனடாவுக்கு வரச் சொல்கிறார், அம்மாவைத் தனியே விட்டுப் போக மனமில்லை. இருத்தலியல் படித்தால் தெளிவு வரும் என்கிறான் நண்பன். அது வாழ்க்கைக்கு அர்த்தமே இல்லை என்கிற தத்துவம்தானே? வெள்ளி தவறாமல் கோணேசரிடம் போகிற எனக்கு அது சரிவருமா?
– வாசகர், உப்புவெளி, திருகோணமலை

பதில்: தெளிவு வரும் என்றா சொன்னார்? எனக்குக் குழப்பம்தான் கூடியது.

உங்கள் வீட்டு இடியப்ப உரலைப் பாருங்கள். மாப் பிழிய வேண்டும் என்று நினைத்துத்தான் அதைச் செய்தார்கள், ஆக உரல் வருமுன்பே அதன் வேலை முடிவாகிவிட்டது. மனிதனுக்கு அப்படி யாரும் முடிவு செய்து வைக்கவில்லை, முதலில் வந்து பிறக்கிறான், அப்புறம் தான் செய்கிற காரியங்களால்தான் இன்னாராக ஆகிறான் என்றார் இருத்தலியலுக்குப் பேர்போன பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்தர். 'அர்த்தமில்லை' என்பதும் இவ்வளவுதான்: ரெடிமேடாக இல்லை.

1945 ஒக்டோபரில் பாரிஸில் அவர் ஆற்றிய உரையில் (அங்கே காட்டியது காகிதம் வெட்டும் கத்தி, உரல் என் சரக்கு) கிட்டத்தட்ட உங்கள் கதையே வருகிறது. ஜெர்மனியர் பிரான்ஸைப் பிடித்திருந்த காலம், அவருடைய மாணவன் ஒருவன் யோசனை கேட்டு வருகிறான். அவன் அண்ணன் 1940இல் போரில் இறந்துவிட்டான், தாய்க்குத் தகப்பனோடும் ஒத்துவரவில்லை, அவளுக்கு மிச்சம் இந்த ஒரு பிள்ளைதான். இங்கிலாந்துக்குப் போய்ப் படையில் சேருவதா, அம்மாவோடு இருப்பதா என்று அவன் கேட்க, சார்த்தர் சொன்னது: நீ சுதந்திரமானவன், நீயே தெரிவு செய். இதற்கா ஒரு தத்துவ ஆசிரியர் என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஆனால் பாதிரியாரிடம் யோசனை கேட்கப் போனாலும் எந்தப் பாதிரியார் என்பதை நீதானே தெரிவு செய்கிறாய், அவர் என்ன சொல்வார் என்பதும் உனக்கு ஓரளவு தெரியும்தானே என்கிறார் பாருங்கள், அங்கே மாட்டிக்கொண்டேன்.

கோயில் விஷயம். சார்த்தர் நாத்திகர். அவருக்கு நூறு வருஷம் முந்தி இந்தச் சிந்தனைக்கு வித்திட்ட டென்மார்க்காரர் கீர்க்கெகார்ட் (1813–1855) ஆழ்ந்த கிறிஸ்தவர். பிரெஞ்சு எழுத்தாளர் காம்யுவையும் இந்தக் கூட்டத்தில் சேர்ப்பார்கள், அவரோ நான் அந்த ஆள் இல்லை என்றார். எனவே தாராளமாகக் கும்பிட்டுவிட்டுப் படியுங்கள். ஆனால் பூக்கட்டிப் பார்த்துவிட்டு, கோணேசரே சொல்லிவிட்டார் என்று மட்டும் எழுதாதீர்கள், எந்தப் பூ வந்தாலும் அதற்கு அர்த்தம் சொல்லப்போவது நீங்கள்தான்.

மாமா சொன்னதை எழுதியிருக்கிறீர்கள், நண்பன் சொன்னதும் இருக்கிறது. சரி, அம்மா என்ன சொன்னார்?