ஒரே தெருவில் ஒன்பது ஒஸோனி: ஜப்பானிய வீட்டுச் சமையல் கேள்வி பதில்

இருப்பது டோக்கியோவை ஒட்டிய கவாசாகியில். மாமியார் ஷிகோகு தீவின் ககாவாக்காரர், மாமனார் டோக்கியோ. பதினாறு வருடம் அந்த மாமியாரின் அடுப்படியில் எடுபிடியாக நின்ற தகுதியில்தான் பதில் சொல்கிறேன். ராமென் கடை, டூர் பிளான் பற்றியெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள்.

கோவை: அக்கா, புத்தாண்டுக்கு அங்கே என்ன சமைப்பார்கள்?

முதலில், இங்கே புத்தாண்டு என்றால் ஜனவரி 1தான். 1873இல் பழைய பஞ்சாங்கத்தைக் கைவிட்டதிலிருந்து அப்படி. டிசம்பர் 31 இரவு சோபா நூடுல்ஸ். மறுநாள் காலை ஒசெச்சி: அரக்குப் பூசிய அடுக்குப் பெட்டிகளில் நிரப்பிய ஆறிய பதார்த்தங்கள். முதல் மூன்று நாள் அடுப்பு மூட்டக் கூடாது என்பது பழைய வழக்கம். அதனால் எல்லாவற்றிலும் சர்க்கரை, சோயா சாஸ், வினிகர் தூக்கலாக இருக்கும், கெடாது.

பாதிக்குப் பாதி சிலேடை. 'மாமே' என்றால் பயறு. உடம்பு திடமாக, சுறுசுறுப்பாக இருப்பதும் 'மாமே'தான். அதனால் கறுப்பு சோயா. 'யொரொகோபு' என்றால் மகிழ்வது, அதனால் கொம்பு என்கிற கடற்பாசியில் சுற்றிய சுருள். ஹெர்ரிங் மீன் முட்டை, பிள்ளைப்பேறுக்கு. பொடி மத்திக் கருவாட்டை வறுத்துப் பாகில் புரட்டினால் 'தாஸுகுரி', அதாவது வயல் செய்தல். ஒரு காலத்தில் மத்திதான் வயலுக்கு உரம். தாமரைக் கிழங்கின் ஓட்டை வழியாக வருங்காலம் தெரியுமாம்.

கறுப்பு சோயாவைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். முதல் டிசம்பரில் மாமியார் பாகில் ஒரு துணி முடிச்சைப் போட்டார். மசாலா என்று நினைத்து முகர்ந்து பார்த்தேன். உள்ளே துருப்பிடித்த ஆணிகள்! இரும்பு பட்டால்தான் பயறின் கறுப்பு மங்காமல் நிற்கும். சூடான பாகில் ராத்திரி முழுக்க ஊற வைத்து, மறுநாள் சிறு தீயில் மணிக்கணக்காக. பயறு பாகுக்கு மேலே தலை நீட்டினால் தோல் சுருங்கிவிடும். பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார்.

சென்னை: நாங்கள் சுத்த சைவம். எதையாவது சாப்பிட முடியுமா?

முடியும், ஆனால் கண்ணுக்குத் தெரியாத மீன் எல்லா இடத்திலும் இருக்கும். காய்கறிக் கூட்டு, முட்டை, மிசோ (புளிக்க வைத்த சோயா விழுது) சூப் எல்லாம் 'தாஷி' என்கிற சாற்றில்தான் நடக்கும். அது பெரும்பாலும் மீன். உங்கள் வீட்டில் செய்தால் கொம்பும் காய்ந்த ஷிடாகே காளானும் குளிர்ந்த தண்ணீரில் ராத்திரி ஊறட்டும். புத்த மடங்களின் சமையலும் இந்தச் சாற்றில்தான். பாட்டிலில் வரும் நூடுல்ஸ் சாஸில் பெரும்பாலும் மீன் உண்டு, லேபிளைப் படியுங்கள்.

திருச்சி: வீட்டில் சுஷி செய்வது எப்படி?

என் மாமியாரே கடையில்தான் வாங்குகிறார்.

மதுரை: புத்தாண்டு சூப்பில் அரிசிக் கேக் போடுவார்களாமே?

அதுதான் ஒஸோனி. கேக் இல்லை, மோச்சி. பசையரிசியை அவித்து உரலில் இடித்தது. இதில் மட்டும் ஜப்பானியர்கள் ஒத்துப்போகவே மாட்டார்கள். கிழக்கே சதுர மோச்சி, சுட்டு, தெளிந்த சாறில். மேற்கே உருண்டை, கியோட்டோ பக்கம் அதை வெள்ளை மிசோவில் வேக வைப்பார்கள். ஏறத்தாழ நடு ஜப்பானில் உள்ள செகிகஹாரா என்ற ஊர்தான் எல்லை. எங்கள் தெருவில் எட்டிப் பார்த்ததில் ஒன்பது வீட்டில் ஒன்பது விதம்.

மாமியாரின் ககாவா வகை இன்னும் விசேஷம்: வெள்ளை மிசோ சூப்புக்குள் இனிப்புப் பயறு பூரணம் வைத்த உருண்டை மோச்சி. சாம்பாரில் பூரணக் கொழுக்கட்டை மிதப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். முதல் வருடம் விழுங்கவே முடியவில்லை. இப்போது அது இல்லாவிட்டால் எனக்கு வருடம் பிறப்பதில்லை. மாமனார் இன்றுவரை தொடுவதில்லை. அதனால் 1ஆம் தேதி ககாவா, 2ஆம் தேதி டோக்கியோ என்று ஒப்பந்தம்.

கையோடு சொல்கிறேன்: மோச்சி தொண்டையில் அடைத்து ஆள் சாகும். டோக்கியோ தீயணைப்புத் துறை வருடா வருடம் எச்சரிக்கிறது. பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் பொடியாக வெட்டிக் கொடுங்கள்.

யாழ்ப்பாணம்: அக்கா, தாஷிக்கு அந்த விலை கூடின மீன்சீவல் ஏன்? எங்கட மாசிக் கருவாடும் அதே மீன்தானே?

அருமையான கேள்வி. ஆமாம், இரண்டும் சூரை இனம்தான். இரண்டையும் அவித்துப் புகை போட்டுக் காய வைக்கிறார்கள். ஆனால் மாசியை உப்புத் தண்ணீரில் அவிப்பார்கள். சீவலுக்கான கருவாடு கட்சுவோபுஷி, அதற்கு உப்பே கிடையாது. திரும்பத் திரும்பப் புகை, உயர்ந்த ரகத்துக்கு அதற்கு மேல் பூஞ்சணம் பிடிக்க விட்டு வெயிலில் காய வைத்தல், மாதக்கணக்கில்.

தூத்துக்குடி: பூஞ்சணம் பிடித்தால் நாங்கள் தூக்கிப் போடுவோம். மாசிதான் உசத்தி.

இது வேண்டுமென்றே வளர்த்த பூஞ்சணம் ஐயா. மிச்சமிருக்கும் ஈரத்தை உறிஞ்சி, கொழுப்பையும் குறைக்கிறது. சாறு தெளிவாக வருவது அதனால்தான்.

யாழ்ப்பாணம்: சம்பலுக்கு மாசியை விட்டால் வேறை என்ன இருக்கு?

சம்பலுக்கு மாசிதான், அதில் சண்டையே இல்லை. நான் பேசுவது சாற்றைப் பற்றி. ஒரு லிட்டர் தண்ணீர், 10 கிராம் கொம்பு. கொதி வருவதற்கு முன் கொம்பை எடுத்துவிட வேண்டும். பிறகு 25 கிராம் சீவல், அடுப்பை அணைத்து ஓரிரு நிமிடத்தில் வடிகட்டல். கொம்பின் ருசிக்குக் காரணமான குளூட்டமேட்டை 1908இல் வேதியியலாளர் இகேதா கிகுனாயே கண்டுபிடித்து, அந்த ருசிக்கு 'உமாமி' என்று பெயர் வைத்தார். 1913இல் கொதாமா ஷின்தாரோ மீன்சீவலில் அதே ருசி தரும் இனோசினேட்டைக் கண்டார். இரண்டும் சேர்ந்தால் ருசி கூட்டலாக ஏறாது, பெருக்கலாக ஏறும்.

நாகர்கோவில்: அப்போ நெத்திலி?

உங்களுக்குத்தான் பரிசு. ககாவாவில் தாஷியே இரிகோ என்கிற பொடிக் கருவாட்டில்தான், அது நெத்திலிக்கு உறவுக்காரன். தலையையும் குடலையும் கிள்ளாவிட்டால் கசக்கும். நம் ஊர்க் கருவாட்டில் உப்பு அதிகம், கழுவிவிட்டுப் போடுங்கள்.

சேலம்: சைவத்தில் ஏதாவது?

மேலே சென்னைக்குச் சொன்னதுதான்.

பெங்களூரு: கிறிஸ்துமஸுக்குக் கேஎஃப்சியாமே, நிஜமா?

நிஜம். 1974இல் செய்த விளம்பரம் பிடித்துக்கொண்டது. கூடவே ஸ்ட்ராபெரி கேக்.

கோவை: அக்கா, கொழுக்கட்டை மாவில் மோச்சி வருமா?

வராது. பச்சரிசியில் அந்தப் பசை இல்லை, பசையரிசி மாவு வாங்குங்கள். மோச்சி செய்தால் பொடியாக வெட்டுங்கள்.

சென்னை: மிசோ சூப் மணமே இல்லாமல் போகிறது.

கொதிக்க விட்டிருப்பீர்கள். அடுப்பை அணைத்த பிறகு மிசோவைக் கரைக்க வேண்டும்.

ஈரோடு: ப்யூர் வெஜ் தாஷி?

கொம்பு. காளான். தண்ணீர். ராத்திரி. மேலே ஏறிப் படியுங்கள், புண்ணியமாகப் போகும்.

தூத்துக்குடி: மேடம், மாசியைத் தட்டிப் போட்டு உங்கள் கணக்கிலேயே செய்து பார்த்தேன். கலங்கலாக, ஒரே உப்பு. வீட்டில் ரசம் ஆக்கிவிட்டார்கள், பிரமாதம்.

புளி எவ்வளவு போட்டார்கள்? வீட்டம்மாவிடம் கேட்டுச் சொல்லுங்கள்.