ஸ்கேன் எடுத்தாச்சு, டாப்ளரும் வேணுமா?

கேள்வி: அண்ணனுக்குப் பாலிசைத்தீமியா வேரா. ஒரு வாரமாக வலது விலாவுக்குக் கீழே வலி, வயிறு உப்பல். வயிற்று ஸ்கேனில் ஒன்றுமில்லை என்கிறார்கள். அது போதுமா?
- வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: போதாது. சிவப்பணு பெருகி ரத்தம் கெட்டிப்படும் இந்த நோயில் கல்லீரலிலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் கல்லீரல் சிரை, குடலிலிருந்து கல்லீரலுக்குக் கொண்டுவரும் போர்ட்டல் சிரை இரண்டிலும் ரத்தம் உறையலாம். சாதாரண ஸ்கேன் உறுப்பின் உருவத்தைத்தான் காட்டும். ரத்தம் ஓடுகிறதா, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று சொல்வது டாப்ளர். சீட்டில் 'வயிறு ஸ்கேன்' என்று மொட்டையாக வேண்டாம். நோயின் பெயரோடு 'கல்லீரல் சிரை, போர்ட்டல் சிரை டாப்ளர்' என்று எழுதி வாங்குங்கள். 6 மணி நேரம் வெறும் வயிறு. இட்லியெல்லாம் அப்புறம்தான், குடல் வாயு சிரையை மறைத்துவிடும். ரத்தம் மெதுவாக ஓடும்போது கருவியின் வேக அளவைக் குறைக்காவிட்டால், இல்லாத அடைப்பும் இருப்பதாகத் தெரியும். சந்தேகம் தீராவிட்டால் கான்ட்ராஸ்ட் சி.டி. (ரத்தக்குழாய் தெரிய மருந்து ஏற்றி எடுக்கும் ஸ்கேன்); அதற்குமுன் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்க்கணும். வலி தொடர்வதால் நாள் கடத்தாமல் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். ரத்த வாந்தி, மயக்கம் என்றால் நேரே அவசரப் பிரிவுக்கு.