அந்த இசைத்தட்டில் வாசித்தது யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி: "டெட்ராய்ட்டில் ஒரு பழைய வீட்டைக் காலி செய்து விற்றபோது 60களின் சோல் இசைத்தட்டுகள், பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சின்ன 45கள், ஒரு பெட்டி வாங்கினேன். பாடியவர் பெயர் இருக்கிறது, வாசித்தவர்கள் பெயர் எதிலும் இல்லை. எப்படித் தேடுவது?"

டெட்ராய்ட் தட்டு என்றாலே வாசித்தது ஃபங்க் பிரதர்ஸ்தான், அதாவது அந்த ஊர் மோடவுன் கம்பெனியின் ஸ்டுடியோ வாத்தியக் குழுதான் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். தயவுசெய்து அதை அப்படியே எழுதி வைத்துவிடாதீர்கள். தட்டின் நடுவில் இருக்கும் லேபிளில் அச்சாகியிருக்கும் ஊர், கம்பெனியின் ஊர். பாட்டு எங்கே பதிவானது என்பது வேறு விஷயம். இந்தத் தேடலில் நடக்கும் தப்புகளில் பெரும்பாலானவை இங்கேதான் ஆரம்பிக்கின்றன.

எல்லாரும் பேசும் தட்டையே எடுத்துக்கொள்வோம். ஃபிராங்க் வில்சனின் 'டூ ஐ லவ் யூ', 1965, மோடவுனின் கிளை லேபிளான 'சோல்', எண் 35019. 2009இல் ஒரு பிரதி 25,742 பவுண்டுக்கு ஏலம் போனது. மோடவுன் என்றதும் வெஸ்ட் கிராண்ட் பூலவார்டு 2648ஆம் எண் வீட்டின் ஸ்டுடியோதான் நினைவுக்கு வரும். ஆனால் வில்சன் வேலை பார்த்தது மோடவுனின் லாஸ் ஏஞ்சலஸ் அலுவலகத்தில். பாட்டு பதிவானதும் அந்த ஊரில்தான். அதில் ஃபங்க் பிரதர்ஸின் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்த பாஸ் கிதாரைத் தேடிப் பயனில்லை.

நேர்மாறாகவும் நடந்திருக்கிறது. ஜாக்கி வில்சனின் 'ஹையர் அண்ட் ஹையர்' (1967) பிரன்ஸ்விக் லேபிளில் வந்தது, சிகாகோவில் பதிவானது. வாசித்தவர்களோ மோடவுனுக்குத் தெரியாமல் டெட்ராய்ட்டிலிருந்து கிளம்பிப் போன ஃபங்க் பிரதர்ஸ். தி கேபிடல்ஸின் 'கூல் ஜெர்க்' (1966) பாட்டிலும் மோடவுனுக்குத் தெரியாமல் வாசித்தது அவர்கள்தான். அட்லாண்டிக் நியூயார்க் கம்பெனி. ஆனால் தன் பாடகர் வில்சன் பிக்கெட்டை 1965இல் மெம்ஃபிஸின் ஸ்டாக்ஸ் ஸ்டுடியோவுக்கும், 1966இல் அலபாமாவின் ஃபேம் ஸ்டுடியோவுக்கும் அனுப்பியது. லேபிள் ஒன்றே, வாசித்த குழுக்கள் இரண்டு.

ஆகவே முதலில் தேதி, பிறகு ஸ்டுடியோ, கடைசியில்தான் ஆள்.

தேதிக்குத் தட்டையே கேளுங்கள். மேஜை விளக்கைப் பக்கவாட்டில் வைத்து, பாட்டு முடிந்தபின் லேபிள் வரை இருக்கும் வெற்று வளையத்தைச் சாய்த்துப் பாருங்கள். முக்கோணக் குறியும் அடுத்து ஓர் எண்ணும் கீறியிருந்தால் அது லாஸ் ஏஞ்சலஸின் மோனார்க் ஆலையில் அடித்த தட்டு. மறுபக்கத்தில் அதே எண்ணுடன் ஓர் 'எக்ஸ்' இருக்கும். அந்த எண்கள் வரிசையாக ஏறிக்கொண்டே போனவை என்பதால், தேதி தெரிந்த வேறு தட்டுகளின் எண்களோடு ஒப்பிட்டால் எந்த மாதம் என்பது வரை நெருங்கலாம். ஆர்சிஏ கம்பெனியின் ஆலையில் அடித்ததாக இருந்தால் அந்த வளையத்தில் உள்ள எண்ணின் முதல் எழுத்தே வருடத்தைச் சொல்லும்: எஸ் 1965, டி 1966, யூ 1967. 'இசட்டிஎஸ்பி' என்று தொடங்கினால் கொலம்பியா கம்பெனி மற்றவர்களுக்காகக் கூலிக்கு அடித்துக் கொடுத்தது. ஆலையின் ஊரையும் பதிவான ஊராக எடுத்துக்கொள்ளக் கூடாது. நியூயார்க் கம்பெனிகளும் மேற்குக் கரைக்கான பிரதிகளை மோனார்க்கில் அடித்தன.

தட்டைக் கழுவுவதற்கு முன் அது வினைலா ஸ்டைரீனா என்று பார்த்துவிடுங்கள். நகத்தால் விளிம்பைத் தட்டினால் ஸ்டைரீன் 'டிக்' என்று கெட்டியாக ஒலிக்கும். வினைல் மொத்தையாக ஒலிக்கும். ஸ்டைரீன் வளையாது, நடுத்துளையைச் சுற்றி விரிசல் விடும். அதில் லேபிள் பெரும்பாலும் பசையால் ஒட்டியது. தண்ணீரில் ஊறினால் கையோடு வந்துவிடும், உங்கள் முதல் ஆதாரமும் போய்விடும். ஆல்கஹால் கலந்த திரவமும் வேண்டாம். ஈரமான மென்துணியால் லேபிளைத் தொடாமல் வட்டமாகத் துடைத்தால் போதும். சில ஸ்டைரீன் தட்டுகள் கண்ணுக்குப் பளபளவென்று இருக்கும், போட்டால் 'ஸ்ஸ்' என்று இரையும். தேய்ந்த ஊசியால் பலமுறை ஓடிய தட்டுகள் அவை. பார்த்து மட்டும் தரம் போட்டவரிடம் பெரிய விலை கொடுக்காதீர்கள், போட்டுக் கேட்டுத் தரம் போட்டாரா என்று கேளுங்கள்.

அடுத்து லேபிளின் சின்ன எழுத்துகள். பாடகர் பெயரைவிட, எந்த வாத்தியம் எதை வாசிப்பது என்று அமைத்த அரேஞ்சர் பெயர் முக்கியம், ஏனென்றால் ஆட்களைக் கூப்பிட்டவர் பெரும்பாலும் அவர்தான். மைக் டெரி என்று இருந்தால், மோடவுன் பாட்டுகளில் பாரிடோன் சாக்ஸ் வாசித்த அதே ஆள் வெளியே அரேஞ்சராகவும் வேலை செய்த காலம். அந்த நூலைப் பிடித்துப் போகலாம். பாடியவர் பெயரையும் கண்ணை மூடி நம்ப வேண்டாம். 70களில் அரிய அமெரிக்க சோல் தட்டுகளைத் தேடிப் போட்ட இங்கிலாந்தின் நார்தர்ன் சோல் கிளப்களில் டி.ஜே.க்கள் லேபிளை மறைத்துப் பொய்ப் பெயர் சொல்லிப் போட்டார்கள். மேலே சொன்ன ஃபிராங்க் வில்சன் பாட்டே எட்டி ஃபாஸ்டர் என்ற பெயரில் கள்ளப்பதிப்பாக வந்தது.

இனி காகிதம். அமெரிக்க இசைக்கலைஞர்கள் சங்க விதிப்படி நடந்த பதிவுக்கு ஒப்பந்தத் தாள் இருக்கும்: தேதி, இடம், பாட்டுப் பெயர், வாசித்தவர்கள், அவர்களில் தலைவர் யார், யாருக்கு எவ்வளவு. வழக்கமாக மூன்று மணி நேரம், அதில் நான்கு பாட்டு வரை. டெட்ராய்ட்டுக்குச் சங்கத்தின் 5ஆம் கிளை, லாஸ் ஏஞ்சலஸுக்கு 47. சிகாகோவில் 1966 வரை வெள்ளையருக்கு 10, கறுப்பருக்கு 208 என்று இரண்டு கிளைகள் இருந்தன, பிறகு இணைந்தன. ஆகவே 1966க்கு முந்தைய சிகாகோ பதிவென்றால் இரண்டின் பெயரிலும் தேடச் சொல்லுங்கள். தாளில் சமூகப் பாதுகாப்பு எண்கள் இருப்பதால் நகல் கேட்டால் தயங்குவார்கள். பெயர்களை மட்டும் கேளுங்கள், பாட்டுப் பெயரோடு தேதியும் சொல்லிக் கேளுங்கள்.

தாள் கிடைத்தாலும் வேலை முடியாது. வயலின்கள் வேறொரு நாள் சேர்க்கப்பட்டிருந்தால் அதற்குத் தனித் தாள். டெட்ராய்ட்டில் அந்த வயலின்காரர்கள் பலர் அந்நகரின் சிம்பொனி குழுவினர். வராதவர் பெயர் தாளில் இருப்பதும், வந்தவர் பெயர் விடுபடுவதும் உண்டு. சின்னக் கம்பெனிகள் கையில் காசு கொடுத்து அனுப்பிய பதிவுகளுக்குத் தாளே இருக்காது.

'காதால் கேட்டாலே ஜேமர்சன் என்று தெரியுமே' என்று இங்கே சிலர் எழுதுவார்கள். காது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவர் வலக்கையின் ஒற்றை விரலால் மீட்டியதும், தந்திக்கடியில் பஞ்சு வைத்த அந்த மொத்தமான ஒலியும் அடையாளம்தான். ஆனால் ஊரில் இருந்த பாஸ்காரர்கள் பலரும் அவரைப் பார்த்துக் கற்றார்கள். காது ஒரு சந்தேகத்தைத் தரட்டும், முடிவைக் காகிதமோ ஆளோ தரட்டும்.

விற்கிறவர்கள் விலை ஏற ஒரு பெயரை எழுதுகிறார்கள், அதை யாரோ தரவுத்தளத்தில் ஏற்றுகிறார்கள், பத்து வருடத்தில் அது 'எல்லாருக்கும் தெரிந்த உண்மை' ஆகிவிடுகிறது. எனக்கு இதில் உண்மையாகவே கோபம் உண்டு. மோடவுன் தன் குழுவின் பெயரை ஆல்பம் உறையில் போட்டதே 1971இல், மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' வந்தபோது. அதுவரை மறைக்கப்பட்ட மனிதர்களின் இடத்தில் நாம் இன்னொரு தப்பான பெயரை எழுதக் கூடாது. இதில் பணமும் இருக்கிறது. அமெரிக்காவில் இணைய வானொலி போன்ற டிஜிட்டல் ஒலிபரப்புத் தொகையில் 5 சதவீதம், பெயர் போடாத வாத்தியக்காரர்களுக்கும் பின்னணிப் பாடகர்களுக்கும் உரியது. 2018 சட்டத்துக்குப் பிறகு 1972க்கு முந்தைய பதிவுகளும் அதில் வந்துவிட்டன. பெயர் தப்பானால் அந்தப் பங்கு உரிய குடும்பத்துக்குப் போகாது.

வாசித்தவர் ஒருவர் உயிரோடு கிடைத்தால், 'இது நீங்கள்தானே?' என்று கேட்காதீர்கள். எண்பது வயதுக்காரர், அறுபது வருடத்துக்கு முந்தைய ஒரு மாலை. மரியாதைக்காக ஆமாம் என்றுவிடுவார். பல 45களின் மறுபக்கத்தில் அதே பாட்டின் வாத்திய இசை மட்டும் இருக்கும். பெயர் சொல்லாமல் அதைப் போட்டுக் காட்டுங்கள். எந்த ஸ்டுடியோ, படியேறிப் போனீர்களா இறங்கிப் போனீர்களா, பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார், முடிந்ததும் காசு கொடுத்தது யார் என்று கேளுங்கள். சொன்னதை அன்றைக்கே அவர் வார்த்தையிலேயே எழுதி, தேதி போட்டு, தட்டின் உறைக்குள் வையுங்கள்.