மின்விசிறியை நிறுத்துங்கள், தம்பி

கேள்வி: எனக்கு 47 வயது. கூட்டுறவு வங்கியில் பணிபுரிகிறேன். எங்கள் சபையில் 12 ஆண்டுகளாக ஞாயிறு பள்ளிக் கண்காணிப்பாளராக இருக்கிறேன். மாதம் இரண்டு முறை கிராம ஊழியத்துக்குப் போகிறேன்; வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டத்தைத் தவறவிட்டதில்லை. தினமும் அதிகாலை 4 மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் தனித்து ஜெபிக்கிறேன். அடுத்த அறையில் பக்கவாதத்தால் படுத்திருக்கும் என் அம்மா அந்த நேரத்தில்தான் கூப்பிடத் தொடங்குவார்கள் என்பதால், மின்விசிறியை ஐந்தில் வைத்துக்கொண்டு மனதை ஒருமுகப்படுத்த வேண்டியிருக்கிறது. மற்றபடி அம்மாவை என் மனைவி நன்றாகக் கவனித்துக்கொள்கிறாள். இத்தனை செய்தும் ஓராண்டாக உள்ளம் வறண்டு கிடக்கிறது. வேதத்தைத் திறந்தால் எழுத்து மட்டுமே கண்ணில் படுகிறது. ஜெப நேரத்தை இரண்டு மணி நேரமாக்கினால் ஆவிக்குரிய பெலன் கிடைக்குமா? விருப்ப ஓய்வு பெற்று முழுநேர ஊழியத்துக்கு வந்துவிடலாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், தூத்துக்குடி மாவட்டம்

பதில்:

கிறிஸ்துவுக்குள் அன்பான தம்பிக்கு,

உள்ளம் வறண்டுபோகும் காலம் எல்லா விசுவாசிகளுக்கும் வரும், பொறுமையாக இருங்கள், மழை பெய்யும் என்று நான் எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். எழுதப்போவதில்லை. இந்த வறட்சியைப் பற்றி எனக்கு வந்த கடிதங்கள் ஏராளம். அவற்றில் பெரும்பாலானவற்றில் காரணம், கேள்வி கேட்கும் வரியில் இருப்பதில்லை. எழுதுகிறவர் வேறு எதையோ சொல்லிக்கொண்டு போகும்போது இடையில் விழுந்துவிட்ட ஏதாவது ஒரு வரியில் கிடக்கும். உங்கள் கடிதத்தில் அந்த வரி, மின்விசிறியை ஐந்தில் வைத்துக்கொள்வதாக எழுதியிருக்கிறீர்களே, அதுதான்.

அந்த ஐந்து என்ற எண்ணை நீங்கள் எழுதாமல் விட்டிருந்தால் ஒருவேளை நானும் கவனியாமல் போயிருப்பேன். நான்கில் வைத்தால் அம்மாவின் குரல் கேட்கிறது, ஐந்தில் வைத்தால் கேட்பதில்லை என்பதை ஒருநாள் நீங்கள் சோதித்து அறிந்திருக்கிறீர்கள் என்று அது சொல்லுகிறது. பெற்ற தாயின் குரல் எத்தனை உயரம் எழும்பும் என்று அளந்து, அதற்கு மேல் ஒரு சத்தத்தை எழுப்பி வைத்துக்கொண்டு, அதற்குக் கீழே முழங்காலில் நின்று, 'கர்த்தாவே, என் சத்தத்தைக் கேளும்' என்று கூப்பிடுகிறீர்கள். மார்கழியிலும் அது ஐந்திலேதான் ஓடியிருக்கும் என்று நினைக்கிறேன்.

அம்மா ஏன் அந்த நேரத்தில் கூப்பிடுகிறார்கள் என்று ஒரு வார்த்தைகூட நீங்கள் எழுதவில்லை. நான் எழுதுகிறேன். ஒரு பக்கம் செயலற்றுப்போனவர்களால் தாங்களாகப் புரண்டு படுக்க முடியாது. அப்படிப்பட்டவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது திருப்பிப் படுக்கவைக்க வேண்டும் என்று எந்தச் செவிலியரைக் கேட்டாலும் சொல்லுவார். உங்கள் மனைவி இரவு 11 மணிக்கு அவர்களைத் திருப்பிவிட்டுப் படுத்தார் என்று வைத்துக்கொண்டால், 4 மணிக்குள் ஐந்து மணி நேரம் ஒரே பக்கமாக அழுந்திக் கிடந்திருக்கிறார்கள். இடுப்பெலும்பும் குதிகாலும் எரியும், வாய் உலர்ந்திருக்கும், துணி நனைந்திருக்கலாம். வீட்டில் அந்நேரம் விழித்திருக்கிற ஒரே ஆள் மகன் என்பது உங்கள் அறையின் விளக்கு வெளிச்சத்தில் அவர்களுக்குத் தெரியும். அதனால்தான் அந்நேரத்தில் கூப்பிடுகிறார்கள். உங்கள் ஜெபத்தைக் கலைப்பதற்காக எழுப்புகிற சத்தம் அது அல்ல, தம்பி. மகன் விழித்துக்கொண்டான் என்ற நம்பிக்கையில் கூப்பிடுகிற சத்தம்.

நீங்கள் 12 ஆண்டுகளாக ஞாயிறு பள்ளி நடத்துகிறவர். சாமுவேலின் கதையை எத்தனை முறை பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பீர்கள்! கண்கள் இருளடைந்த கிழவனாகிய ஏலி தன் இடத்திலே படுத்திருக்கிறான். சிறுவன் தேவாலயத்திலே படுத்திருக்கிறான். இரவில் ஒரு சத்தம் வருகிறது. பையன் என்ன செய்தான்? ஏலியினிடத்தில் ஓடினான் என்று வேதம் சொல்லுகிறது. நடந்து போகவில்லை, ஓடினான். 'இதோ, இருக்கிறேன், என்னைக் கூப்பிட்டீரே' என்றான். நான் கூப்பிடவில்லை, போய்ப் படுத்துக்கொள் என்றான் கிழவன். தூக்கம் கலைந்த பிள்ளை சலித்துக்கொள்ளாமல் போய்ப் படுத்தது. இரண்டாம் முறையும் அப்படியே, மூன்றாம் முறையும் அப்படியே. சாமுவேல் கர்த்தரை இன்னும் அறியாதிருந்தான் என்று அந்த அதிகாரத்திலேயே எழுதியிருக்கிறது. கர்த்தருடைய சத்தம் எப்படியிருக்கும் என்று அவனுக்குத் தெரியாது. ஆனால் பார்வை மங்கிய முதியவர் இரவில் கூப்பிட்டால் எழுந்து ஓட வேண்டும் என்று தெரிந்திருந்தது. அந்தப் பழக்கம் ஒன்றை வைத்துக்கொண்டுதான் கர்த்தர் அவனை எழுப்பினார். கிழவனின் குரல் தொந்தரவாக இருக்கிறது என்று காதை மூடிக்கொண்டு படுத்திருந்தால், அன்று இரவு கர்த்தரின் குரலும் அவனுக்குக் கேட்டிருக்காது, ஏனென்றால் அவனுடைய காதுக்கு இரண்டும் ஒரே குரலாகத்தான் இருந்தன.

வேதம் வெறும் எழுத்தாகத் தெரிகிறது என்கிறீர்கள். ஐந்தில் ஓடும் மின்விசிறிக்கு எந்தக் குரலைத் தடுப்பது, எந்தக் குரலை விடுவது என்று தெரியுமா?

வெள்ளிக்கிழமை உபவாசத்தைத் தவறவிட்டதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஏசாயா 58ஆம் அதிகாரத்தை எடுத்து வைத்துக்கொண்டு மெதுவாக வாசியுங்கள். தேவன் தமக்கு உகந்த உபவாசம் எது என்று அடுக்கிக்கொண்டே வந்து, 'உன் மாம்சமானவனுக்கு உன்னை ஒளிக்காமலிருக்கிறதும் அல்லவோ' என்று முடிக்கிறார். மாம்சமானவன் என்றால் சொந்த இரத்த உறவு. உபவாசத்தில் மறந்துபோகக்கூடிய பகுதி அதுதான் என்று அறிந்தே அதைக் கடைசியில் வைத்தாரோ என்று நான் நினைப்பதுண்டு. பசித்தவனுக்கு ஆகாரம் கொடுக்கிற ஊழியத்தை நம் சபைகள் நன்றாகவே செய்கின்றன. சொந்த மாம்சத்துக்கு ஒளிந்துகொள்ளாமல் இருப்பதற்கு ஒரு கமிட்டி அமைக்க முடியாது. இரண்டு வசனம் தாண்டி வருகிற வாக்குத்தத்தத்தையும் பாருங்கள்: நீ கூப்பிடுவாய், கர்த்தர் மறு உத்தரவு கொடுப்பார், நீ சத்தமிடுவாய், 'இதோ, நான் இருக்கிறேன்' என்று சொல்லுவார். சாமுவேல் கிழவனிடம் சொன்ன அதே வார்த்தை. கூப்பிட்டவருக்கு நீங்கள் அதைச் சொல்லாமல், நீங்கள் கூப்பிடும்போது அவர் அதைச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

தகப்பனையாவது தாயையாவது என்னிலும் அதிகமாய் நேசிக்கிறவன் எனக்குப் பாத்திரன் அல்ல என்று ஆண்டவர் சொன்னாரே என்று உங்களுக்குத் தோன்றியிருக்கலாம். தோன்றியிருந்தால், அந்த வசனத்தை உங்கள் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். நீங்கள் இயேசுவை அதிகமாக நேசித்ததால் அம்மாவின் குரலை அடைக்கவில்லை. உங்கள் அமைதியை அதிகமாக நேசித்தீர்கள். அந்த வசனத்தைச் சொன்னவர்தாமே சிலுவையில் ஆணிகளோடு தொங்கிக்கொண்டு, மூச்சு விடுவதே பாடாக இருந்த வேளையில், கீழே நின்ற தாயைப் பார்த்து, யார் வீட்டில் அவர் இருப்பார் என்று ஏற்பாடு செய்தார். உலகத்தின் பாவத்தைச் சுமந்துகொண்டிருக்கும்போது அவருக்கு அதற்கு நேரம் இருந்தது.

அப்படியானால் கொர்பான் என்ற வார்த்தையையும் சொல்லிவிடுகிறேன். தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதைத் தேவனுக்குக் காணிக்கையாக்கிவிட்டேன் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டவர்களை இயேசு மாற்கு 7ஆம் அதிகாரத்தில் கண்டித்தார். அவர்கள் பணத்தைக் கொர்பான் ஆக்கினார்கள். நீங்கள் 4 மணியைக் கொர்பான் ஆக்கியிருக்கிறீர்கள். நம் பாட்டிமார் கைப்பிடி அரிசி எடுத்து வைத்தது உங்களுக்கு நினைவிருக்கும். உலையில் போடுவதற்கு முன் ஒரு பிடி அள்ளி ஆண்டவருக்கென்று பானையில் போடுவார்கள். வீட்டில் இருந்த ஒருவரைப் பட்டினி போட்டுவிட்டு யாரும் அந்த ஒரு பிடியை எடுத்ததில்லை.

என் தகப்பனார் தேரி மணல் சூழ்ந்த ஒரு சிற்றூரில் உபதேசியாராக இருந்தவர். அவருடைய தாய்க்குக் கண் தெரியாது. கடைசி மூன்று ஆண்டுகள் எழுந்து நடக்கவும் முடியாது. விடியற்காலை 5 மணிக்கு அப்பா கோயில் மணி அடிக்க வேண்டும். அதற்கு முன் அரிக்கேன் விளக்கைத் திண்ணையில் வைத்துவிட்டு, பாட்டியைக் குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையிலும் தூக்கிக் கொல்லைக்குக் கொண்டுபோய், வெந்நீரில் துடைத்து, சேலை மாற்றி, நரைத்த முடியைச் சீப்பால் வாரிக் கொண்டை போட்டு, கட்டிலில் சாய்த்து உட்காரவைத்து, ஒரு மடக்குக் கருப்பட்டிக் காப்பியும் புகட்டிவிட்டுத்தான் கிளம்புவார். அப்போது முணுமுணுப்பாக 23ஆம் சங்கீதத்தைச் சொல்லிக்கொண்டிருப்பார். பாட்டி பாதியில் சேர்ந்துகொள்ளுவாள். ஒருநாள் மணி இருபது நிமிடம் பிந்திவிட்டது. சபை மூப்பர் ஒருவர் வந்து முற்றத்தில் நின்று சத்தம் போட்டார். அப்பா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே, 'மணி பிந்தினா நீங்க வீட்டுல காத்திருப்பீங்க அண்ணாச்சி, எங்க அம்மை நனைஞ்ச சேலையோட காத்திருக்கணும்' என்றார். பிரசங்கங்கள் எத்தனையோ அவர் செய்தார். எனக்கு ஒன்றும் நினைவில்லை. என் விசுவாசம் அந்தக் கொல்லையில் அரிக்கேன் வெளிச்சத்தில் பிறந்தது. உங்கள் பிள்ளைகள் அதிகாலையில் விழித்தால் என்ன கேட்கிறார்கள் என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள்: பாட்டியின் கூப்பாடு, அப்பாவின் மின்விசிறி, பிறகு அம்மா எழுந்து போகிற காலடி.

ஆம், அந்தக் காலடியைப் பற்றியும் பேச வேண்டும். 'மற்றபடி என் மனைவி நன்றாகக் கவனித்துக்கொள்கிறாள்' என்று ஒரே வரியில் அவரைக் கடந்துவிட்டீர்கள். உங்கள் ஜெப ஜீவியம் முழுவதும் அந்தப் பெண்ணின் தூக்கத்தின்மேல் கட்டப்பட்டிருக்கிறது. மகனை விட்டுவிட்டு மருமகளின் தலையில் இதைச் சுமத்துவது நம் ஊர் வழக்கம். வேதத்தின் வழக்கம் அல்ல. பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது பிள்ளைகளையும் பேரன் பேத்திகளையும் பெயர் சொல்லி, அவர்கள் முதலாவது தங்கள் சொந்தக் குடும்பத்தைத் 'தேவபக்தியாய் விசாரித்து' நன்மை செய்யக் கற்றுக்கொள்ளக்கடவர்கள் என்கிறார். தேவபக்தி என்ற வார்த்தையை அவர் அங்கே வைத்தார். கற்றுக்கொள்ளக்கடவர்கள் என்றதால், அது தானாக வராது என்றும் அவருக்குத் தெரிந்திருந்தது.

விருப்ப ஓய்வு வேண்டாம். வீட்டில் கூப்பிடுகிறவருக்கு எழுந்து போகாதவர், ஊரில் கூப்பிடுகிறவர்களுக்கு முழுநேரமாகப் போய் என்ன கொடுப்பார்? உங்கள் மாவட்டத்திலிருந்து டோனாவூர் தூரமில்லை. அங்கே 1901 முதல் பிள்ளைகளைச் சேர்த்து வளர்த்த எமி கார்மைக்கேல் அம்மையார், அதற்கு முன் கிராமம் கிராமமாகப் போய்ச் சுவிசேஷம் சொல்லிக்கொண்டிருந்தவர். குழந்தைகள் வந்ததும் அந்தப் பயணங்களைக் குறைத்துக்கொண்டு, பால் புகட்டுவதிலும் குளிப்பாட்டுவதிலும் இரவில் அழுகிற பிள்ளையைத் தோளில் போட்டு நடப்பதிலும் நாட்களைச் செலவிட்டார். 1931இல் கீழே விழுந்து அடிபட்ட பிறகு, 1951இல் மறையும்வரை ஏறக்குறைய 20 ஆண்டுகள் பெரும்பாலும் தம் அறையிலேயே கிடந்தார். அவர் பெயர் உலகத்துக்குத் தெரியும். அத்தனை ஆண்டுகளாக அவருக்குத் தண்ணீர் கொடுத்து, படுக்கை மாற்றி, இரவில் எழுந்து போனவர்களின் பெயர்களை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவர்கள் முழுநேர ஊழியர்கள்.

ஜெபத்தை விடச் சொல்லவில்லை. அப்படி யாராவது இதைத் திரித்துச் சொன்னால் நான் பொறுக்க மாட்டேன். 4 மணிக்கே எழுந்திருங்கள். முதலில் அம்மாவின் அறைக்குப் போங்கள். விளக்கைப் போட்டு, கையைக் கழுவிக்கொண்டு, அவர்களைத் திருப்புங்கள். செயலற்ற கையைப் பிடித்து இழுக்காதீர்கள், தோள்மூட்டு விலகிவிடும், முதுகுக்கும் இடுப்புக்கும் அடியில் கையைக் கொடுங்கள். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகால் மெத்தையில் படாமல் பாருங்கள். முதுகில் சிவந்த இடம் இருந்தால் தேய்க்காமல், அந்தப் பக்கம் அழுந்தாதபடி படுக்கவைத்துப் பகலில் மருத்துவரிடம் சொல்லுங்கள். தலைப்பக்கத்தை நன்றாக உயர்த்திய பிறகே தண்ணீர் கொடுங்கள், சிறிது சிறிதாக. முதல் வாரம் இதெல்லாம் உங்களுக்கு வராது. மனைவியிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள், கேட்கும்போது மன்னிப்பும் கேளுங்கள். அவர் விடியும்வரை தூங்கட்டும். அம்மாவின் உடம்பைத் தொடக் கூச்சமாக இருக்கிறது என்று சொல்லாதீர்கள். உங்களைத் தொட அவர்கள் கூசியதில்லை.

பிறகு அந்தக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, வேதத்தைத் திறந்து, சத்தமாக வாசியுங்கள். அம்மாவுக்கு மனப்பாடமான சங்கீதம் எது என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் அதிலிருந்து தொடங்குங்கள். பேச்சு குழறினாலும் உதடு அசையும்.

மூன்று மாதம் கழித்து எனக்கு மறுபடி எழுதுங்கள். வறட்சி நீங்கிற்றா என்பதை எழுதாவிட்டாலும் பரவாயில்லை. அதிகாலையில் உங்களை அம்மா என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், கேட்டு எழுதுங்கள்.