தியானத்தில் மந்திரம் எதற்கு?

கண்ணை மூடினால் மனம் அலைகிறது, மந்திரம் சொன்னால் மட்டும் எப்படி அடங்குகிறது என்பது கேள்வி.

இந்து மரபில் மந்திரம் என்பது திரும்பத் திரும்பச் சொல்லும் சிறு ஒலித்தொடர், ‘நமசிவாய’ மாதிரி. அப்படிச் சொல்வது ஜபம். மனத்தைச் சும்மா இரு என்றால் இருக்காது, ஒரு வேலை கொடுக்க வேண்டும். இருட்டில் மாடிப்படி ஏறும்போது கைப்பிடியைத் தொட்டுக்கொண்டே போகிறோமே, அதுபோலத்தான். நழுவினால் மறுபடி பிடித்துக்கொள்ளலாம். நிதானமாகச் சொல்லும்போது வெளிமூச்சும் நீளும், உடம்பு தளரும்.

வாய்விட்டுச் சொல்வது வாசிகம், உதடு மட்டும் அசைவது உபாம்சு, மனத்துக்குள் சொல்வது மானசம். மானசமே உயர்ந்தது என்பது மரபு. ஆனால் தூக்கம் சொக்கும் விடியற்காலையில் வாசிகம்தான் கைகொடுக்கும்!

அப்புறம், ஜபம் எண்ண வைத்திருக்கும் மாலையை வேகமாக உருட்டி அதன் 108 மணியை முடித்தால் பலன் அதிகம் என்று பலர் நினைக்கிறார்கள். மாலை எண்ணிக்கைக்கு மட்டுமே, வேகத்துக்கு அல்ல.